கோத்தகிரி பக்கம் பழைய வீடு, ரிப்பேர் செலவ எப்படி கணக்கு போடுறீங்க?

கீழ்நாட்டான் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் கோயமுத்தூர் சரவணம்பட்டில ஐடில இருக்கேன். கொஞ்சம் சேமிப்பு இருக்குங்க, பழைய வீடா ஒண்ணு வாங்கி சரி பண்ணி விக்கலாம் இல்லேன்னா வாடகைக்கு விடலாம்னு ஒரு வருஷமா யோசனை. கோயமுத்தூருக்குள்ள நம்ம பட்ஜெட்டுக்கு ஒண்ணும் சிக்கல. மார்ச்ல ஒரு கல்யாணத்துக்கு கோத்தகிரி போனப்ப மாமனார் வழி சொந்தக்காரர் ஒருத்தர் ஒரு வீடு காட்டினார், அதுலேர்ந்து தூக்கம் போச்சு.

அரவேனு தாண்டி. 5 சென்ட், 1100 சதுர அடி, கல் சுவர், மேல தகரம், உள்ள பலகை சீலிங். அறுவதுகள்ல கட்டினதுன்னு சொல்றாங்க. ரோட்டுலேர்ந்து 64 படி இறங்கணும் (எண்ணிட்டேன்). முன்னாடி தேயிலைத் தோட்டம், காலைல மேகம் கீழ கிடக்கு. பின்னாடி மேட்ட வெட்டி எடுத்த இடம், அதுக்கு கருங்கல்லுல ஒரு தடுப்புச்சுவர். ஓனர் 46 லட்சம் சொல்றார், 43க்கு வருவார்னு புரோக்கர் சொல்றார்.

அமெரிக்காக்காரங்க வீடியோல 70% ரூல்னு ஒண்ணு சொல்றாங்க இல்லீங்களா, எல்லா வேலையும் முடிஞ்சப்புறம் வீடு எவ்வளவுக்கு போகுமோ அதுல 70% எடுத்து, அதுலேர்ந்து ரிப்பேர் செலவ கழிச்சா வர்றதுதான் நாம குடுக்கிற அதிகபட்ச விலைன்னு. அத இங்க போட்டு பாத்தேன். முடிச்சப்புறம் 65 போகும்னு வச்சா 70% 45.5. இங்க ஒரு மேஸ்திரி வந்து பாத்து பெயின்ட், டைல்ஸ், பாத்ரூம், கிச்சன், கொஞ்சம் வயரிங் எல்லாம் சேத்து 7 லட்சம்னார். ஆக 38.5. ஓனர் அதுக்கு வரமாட்டார். ஆனா 43க்கு வாங்கி 7 போட்டா 50, 65க்கு வித்தா 15 நிக்குதே, அதுவே நல்ல லாபம்தானேன்னு மனசு அடிச்சுக்குது.

வீட்டம்மா "மலைல வீடு வாங்கினவன்லாம் பெயின்ட் அடிச்சே செத்தான்"னு சொல்றா. அவ சொல்றதுலயும் ஏதோ இருக்கும்னு தோணுது. இந்த 7 லட்சம் நம்பலாமா? மேல எவ்வளவு கையில வச்சுக்கணும்? அனுபவம் இருக்கிறவங்க சொல்லுங்க, திட்டினாலும் பரவால்லங்க.

---

ஹட்டிக்காரன்

தம்பி, திட்டல. நான் கோத்தகிரிலயே பொறந்து வளந்தவன், இருந்தும் 2016ல இதே மாதிரி ஒரு வீடு வாங்கி வாங்கிக் கட்டிக்கிட்டேன், அதனால சொல்றேன்.

முதல் கேள்வி, வீட்ட எப்ப பாத்த? மார்ச்ல. மார்ச்ல எங்க ஊருல எந்த வீடும் அழகாத்தான் இருக்கும். ஐப்பசி அடைமழை கார்த்திகை கனமழைன்னு சும்மா சொல்லல. ஊட்டி, கூடலூர் பக்கம் ஆடில கொட்டும், எங்க பக்கம் கோத்தகிரி குன்னூருக்கு வடகிழக்கு மழைதான் சரியான மழை. அக்டோபர் கடைசிலேர்ந்து டிசம்பர் வரை ஒரு நாள் விடாம மூணு நாள் பெஞ்ச மறுநாள் வந்து பாரு, புரோக்கர கூட்டிட்டு வராத, நீ மட்டும் வா.

என் கதைய கேளு. நான் வாங்கின வீட்டுல பின் ரூம்புல ஒரு பெரிய மர அலமாரி, சுவத்தோட ஒட்டி. ஓனர் அம்மா "இத நீங்களே வச்சுக்குங்க, தூக்கிட்டு போக முடியல"ன்னு தானமா குடுத்தாங்க. அடடா என்ன மனசுன்னு நெனச்சேன். பத்திரம் முடிஞ்சு நாலு பேர் சேந்து அலமாரிய நகத்துறோம், பின்னாடி சுவர் இடுப்பு ஒசரத்துக்கு கருப்பா பூஞ்சணம், கைய வச்சா காரை பொலபொலன்னு மாவா கொட்டுது, அலமாரியோட முதுகுப் பலகை தொட்டா பஞ்சு. அந்த அலமாரி மட்டும் இல்லேன்னா ரெண்டு லட்சம் கொறச்சு பேசியிருப்பேன். அதனால எல்லா அலமாரியையும் கட்டிலையும் நகத்தி பாரு. ஒரு ரூம்புல ஒரே ஒரு சுவத்துக்கு மட்டும் புது பெயின்ட் அடிச்சிருந்தா அந்த சுவத்துல ஏதோ கதை இருக்குன்னு அர்த்தம்.

உன் மேஸ்திரி சொன்ன 7 லட்சத்துல கூரை எங்க? பின்னாடி வாய்க்கால் எங்க? தடுப்புச்சுவர் எங்க? அவர் கண்ணுக்கு தெரியறத சொல்லியிருக்கார். எங்க ஊருல பணம் போறது தண்ணிக்கு. தண்ணி மேலேர்ந்து வருதா, பின்னாடி மண்ணுலேர்ந்து வருதா, அடியிலேர்ந்து ஏறுதா, அத கண்டுபிடிச்சு நிறுத்தாம டைல்ஸ் ஒட்டினா அடுத்த கார்த்திகைல அதே டைல்ஸ் கையோட வரும். எனக்கு வந்துச்சு. நான் பண்ண முட்டாள்தனம், முதல் வேலையா பெயின்ட் அடிச்சேன், பொண்ணு நிச்சயதார்த்தம் வந்துச்சுன்னு. மூணு மாசத்துல ஓதம் மேல ஏறி பெயின்ட் அப்பளம் மாதிரி பொரிஞ்சுது. அப்புறம் அத சொரண்டி, வாய்க்கால் வெட்டி, கூரை மாத்தி, மறுபடி பூசி, மறுபடி பெயின்ட். 5 லட்சம் பட்ஜெட் போட்டது 13ல வந்து நின்னுது.

அடுத்து அந்த 64 படி. லாரி ரோட்டுல கொட்டிட்டு போயிரும். ஒரு யூனிட் எம் சாண்ட் நாலரை டன் வரும், சிமெண்ட் சாக்குல 30 கிலோ மேனிக்கு கட்டினா 150 சாக்கு, ஒவ்வொண்ணும் தலைல 64 படி. சாக்குக்கு முப்பது நாப்பதுன்னு கேப்பாங்க, மழைல வழுக்குதுன்னா இன்னும் ஏறும். இத எல்லாரும் எப்படியோ கணக்குல சேத்துருவாங்க. மறக்கிறது என்னன்னா இடிச்சது எல்லாம் மேல ஏறணும். பழைய காரை, உடைஞ்ச டைல்ஸ், துருப்பிடிச்ச தகரம், உளுத்த மரம், எல்லாம் சுமை தூக்கி படி ஏறி ரோட்டுக்கு போயி வண்டி வச்சு போகணும். சும்மா பள்ளத்துல தள்ளிரலாம்னு நெனச்சிராத, கீழ தோட்டக்காரன் வந்து நிப்பான். எனக்கு ஏத்துகூலி மட்டும் எண்பத்தஞ்சாயிரம் ஆச்சு. கொத்தனார் 1300, சித்தாள் 800ன்னு போகுது இப்ப, அதுவும் ஏப்ரல் மே சீசன்ல ஆள் கிடைக்கமாட்டாங்க, பாதிப் பேரு காட்டேஜ் வேலைக்கு போயிருவாங்க.

அமெரிக்கா ரூல் அமெரிக்கால சரி. அங்க ஒரே மாதிரி வீடு வரிசையா இருக்கும், போன மாசம் பக்கத்து வீடு என்ன விலைக்கு போச்சுன்னு தெரியும், அதனால முடிச்சப்புறம் விலைய ஓரளவு சொல்லலாம். நம்ம ஊருல ஒரு தெருவுல ரெண்டு வீடு ஒண்ணு போல இருக்காது, வருஷத்துக்கு ஒரு வீடு விக்கிறதே பெருசு. அந்த 65 யாரு சொன்னா? புரோக்கர்தானே?

---

கீழ்நாட்டான்

ஆமாங்கண்ணா புரோக்கர்தான் 😐 அந்த பின் ரூம்புல ஒரு அலமாரி இருக்கு. நகத்தல.

தடுப்புச்சுவர் நடுவுல லேசா வயிறு தள்ளின மாதிரி இருந்துச்சு, கேட்டதுக்கு "அந்தக் காலத்துல அப்படித்தான் கட்டுவாங்க"ன்னாங்க. போட்டோ எடுத்தேன், இங்க ஏத்தினா தெளிவா தெரியல.

---

கடுக்காய்_சுண்ணாம்பு

அந்தக் காலத்துல யாரும் வயிறு தள்ளி கட்டல சார். நான் சிவில், குன்னூர்ல முப்பது வருஷம் வேலை பாத்து ரிட்டயர்ட்.

கருங்கல் தடுப்புச்சுவர் வயிறு தள்ளுதுன்னா பின்னாடி தண்ணி நிக்குதுன்னு அர்த்தம். வெறும் மண்ணோட தள்ளு ஒரு பங்குன்னா தண்ணி சேந்த மண்ணோட தள்ளு எங்கயோ போயிரும். சுவத்துல அங்கங்க தண்ணி வடியற ஓட்டை இருக்கும், பாருங்க. பழைய சுவத்துல பெரும்பாலும் வேர், மண்ணு அடைச்சு போயிருக்கும், இல்ல எவனாவது புண்ணியவான் அழகா இருக்கட்டும்னு சிமெண்ட் வச்சு பூசி அடைச்சிருப்பான். ஒரு தூக்குகுண்டு எடுத்துட்டு போங்க, சுவத்து உச்சிலேர்ந்து தொங்கவிட்டு மேல, நடுவுல, அடில எவ்வளவு விலகல்னு டேப்ல அளந்து எழுதி வச்சுக்குங்க. விரிசல் இருந்தா அது மேல குறுக்க ஒரு மெல்லிசு கண்ணாடித் துண்ட சிமெண்ட் வச்சு ஒட்டி தேதி எழுதிட்டு வாங்க. மழை முடிஞ்சு பாருங்க, கண்ணாடி உடைஞ்சிருந்தா சுவர் இன்னும் நகருது, முழுசா இருந்தா பழைய விரிசல். வாங்கறதுக்கு முன்னாடி ஓனர் இதுக்கு ஒத்துக்கலேன்னா அதுவே பதில்.

2009 நவம்பர் யாருக்கும் மறந்திருக்காது, கேத்தி, குன்னூர், கோத்தகிரி பக்கம் மண்ணு சரிஞ்சு 40 பேருக்கு மேல போனாங்க. அதுக்கப்புறம் நான் போயி பாத்த வீடுங்கள்ல நெறைய வீட்டுக்குப் பின்னாடி இதே கதைதான், நெட்டுக்குத்தா வெட்டின மேடு, அடைச்ச ஓட்டை, மேல் வீட்டுத் தண்ணி. தடுப்புச்சுவர பிரிச்சு கட்டணும்னா அது தனி பட்ஜெட் சார், மேஸ்திரிகிட்ட கேக்காதீங்க, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வச்சு டிராயிங் போடுங்க. பொக்லைன் கொண்டு வந்து ஒரே நாள்ல தள்ளிரலாம்னு கீழ்நாட்டுல நெனைப்பீங்க, நீலகிரில அதுக்கு மாவட்ட நிர்வாகத்தோட அனுமதி வேணும், அதுவும் உங்க 64 படிக்கு அது வரவே வராது. எல்லாம் கைவேலை.

சுவர் பத்தி ஒரு விஷயம். அறுவதுகள்ல கட்டின கல் சுவர்னா உள்ள சுண்ணாம்புக் காரையா இருக்க வாய்ப்பு அதிகம், சாவியால சொரண்டி பாருங்க, வெள்ளையா மிருதுவா உதிர்ந்தா சுண்ணாம்பு, சாம்பல் கலர்ல கெட்டியா இருந்தா சிமெண்ட். சுண்ணாம்பு சுவர் ஈரத்த உள்ள வாங்கி வெயில்ல வெளிய விட்டுரும், மூச்சு விடற சுவர்னு எங்க பெரிய மேஸ்திரி சொல்வார். அது மேல உங்க மேஸ்திரி சிமெண்ட் பூசி, பட்டி பாத்து, பிளாஸ்டிக் பெயின்ட் அடிச்சா வெளிய போற வழி அடைஞ்சு ஈரம் உள்பக்கமா மேல ஏறும். அப்புறம் நாலடி ஒசரத்துல பொரியறது ஆறடில பொரியும். சுண்ணாம்பு பூச்சு தெரிஞ்ச கொத்தனார் இப்ப கொஞ்சம் பேர்தான் இருக்காங்க, கூலி ஜாஸ்தி, காயறதுக்கு நாள் ஆகும். பரவால்ல.

பலகை சீலிங்க ஒரு மூலைல கழட்டி மேல எட்டி பாருங்க. கூரை மரம் சுவத்துல உக்கார்ற முனை, அங்கதான் உளுக்கும். ஸ்க்ரூ டிரைவர வச்சு அழுத்துங்க. நல்ல மரம்னா நுனி கூட எறங்காது. ஒரு வீட்டுல நான் அழுத்தினப்ப களிக்குள்ள போற மாதிரி பிடி வரைக்கும் போச்சு, மேல பாத்தா பெயின்ட் பளபளன்னு இருக்கு. ரெண்டு கூரை சேர்ற பள்ளத்துல இருக்கிற தகரத்தையும் பாருங்க, சீகை மரத்து இலை சேந்து மக்கி அங்கதான் ஓட்டை விழும். கூரை மேல சாஞ்ச சில்வர் ஓக் ஏதாவது இருந்தா நெனச்ச உடனே வெட்ட முடியாது, உங்க பட்டா நிலத்துல இருந்தாலும். மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955லேர்ந்து இருக்கு, கமிட்டி அனுமதி வாங்கணும். மேல மாடி எடுக்கிற ஐடியா இருந்தா மலைப்பகுதில கட்டடத்துக்கு உயரக் கட்டுப்பாடு இருக்குன்னு இப்பவே தெரிஞ்சுக்குங்க.

வேலை வரிசை இதுதான்: கூரை, பின்பக்க வாய்க்கால், தடுப்புச்சுவர், அப்புறம் ஒரு ஜனவரி பிப்ரவரி மார்ச் சும்மா காய விடுங்க. ஆமா, சும்மா. ஜன்னல தொறந்து வச்சுட்டு கோயமுத்தூர் போயிருங்க. அதுக்கப்புறம் வயரிங், பூச்சு, தரை, கடைசில பெயின்ட். அந்த மூணு மாச வட்டியையும் செலவுல சேத்துக்குங்க.

---

ரசீதுஅக்கா

எல்லாரும் சுவத்த பாக்கறீங்க, நான் பேப்பர பாக்கறேன். ஊட்டில ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கேன் தம்பி.

உங்க 50ல பத்திரச் செலவு எங்க? முத்திரைத்தாள் 7%, பதிவுக் கட்டணம் 2%, 43 லட்சத்துக்கு 9%னா 3,87,000. அது போக புரோக்கர் கமிஷன், வக்கீல். உங்ககிட்ட வாங்கறவரும் 65க்கு மேல அதே 9% குடுக்கணும், கிட்டத்தட்ட 71. அவர் மனசுல இருக்கிற பட்ஜெட் அந்த 71தான். 50 லட்சமும் அதுக்கு மேலயும்னா அவர் 1% டிடிஎஸ் (உங்க வரிக்காக முன்கூட்டியே பிடிக்கற பணம்) பிடிச்சுதான் உங்களுக்கு குடுப்பார், அது உங்க வரிக் கணக்குல வந்துரும், ஆனா கைக்கு வர்ற பணம் அன்னிக்கு 65 ஆயிரம் கம்மி.

வரி. வாங்கி 24 மாசத்துக்குள்ள வித்தா குறுகிய கால லாபம், உங்க சம்பளத்தோட சேந்து ஸ்லாப்ல போகும், ஐடி சம்பளம்னா 30% கூட ஆகலாம். 24 மாசம் தாண்டினா 12.5%, வாங்கின விலைய பணவீக்கத்துக்கு ஏத்த மாதிரி கூட்டிக் காட்டற இண்டெக்ஸ் சலுகை கிடையாது (2024 ஜூலை 23க்கு அப்புறம் வாங்கற சொத்துக்கு, இண்டெக்ஸோட 20% வரி கட்டற பழைய சாய்ஸும் இல்ல). கடுக்காய் சார் சொன்ன மாதிரி காய விட்டு வேலை பாத்தாலே ஒரு வருஷம் ஓடிரும், இன்னும் கொஞ்சம் பொறுத்தா வரில பெரிய வித்தியாசம்.

செலவுல ரெண்டு ஜாதி இருக்கு. புது கூரை போடறது, தடுப்புச்சுவர் கட்டறது, பாத்ரூம் புதுசா எடுக்கறது, இதெல்லாம் சொத்தோட மதிப்ப கூட்டற செலவு, விக்கும்போது லாபத்துலேர்ந்து கழிச்சுக்கலாம். பெயின்ட், ஒழுகல் அடைக்கறது, உடைஞ்ச கண்ணாடி மாத்தறது எல்லாம் சாதா பராமரிப்பு, கழிக்கிறது கஷ்டம். வாடகைக்கு விட்டா வாடகைல 30% தானா கழியும், நீங்க ரிப்பேருக்கு பத்து ரூபா செலவு பண்ணாலும் பண்ணாட்டியும். அதுக்கு மேல ரிப்பேர் பில்ல அங்க காட்ட முடியாது.

எல்லாத்துக்கும் பில். மேஸ்திரிக்கு கையில குடுக்காதீங்க, பேங்க்ல போடுங்க. எங்ககிட்ட வர்ற பத்துல எட்டு பேரு சிகரெட் அட்டைல எழுதின கணக்க கொண்டு வந்து "பதினோரு லட்சம் ஆச்சு மேடம்"ங்கறாங்க. நான் என்ன பண்ண?

அப்புறம் புலப்பட வரைபடம் (நிலத்தோட எல்லைய காட்டற சர்வே படம்) வாங்கி அந்த தடுப்புச்சுவர் யாரு எல்லைல இருக்குன்னு பாருங்க. மேல் வீட்டுக்காரரோடதுன்னா பிரிச்சு கட்டற செலவு யாரோடதுன்னு இப்பவே பேசணும்.

---

மூணாவது_வளைவு

ஹோம்ஸ்டே விட்டு காசு பாக்கலாம்னு யாராவது சொல்லியிருப்பாங்களே? குடியிருக்கன்னு அனுமதி வாங்கின வீட்ட லாட்ஜ் மாதிரி நடத்தினா சீல் வைப்பாங்க, முறையா பதிவு பண்ணா ஓகே.

மேஸ்திரிக்கு அட்வான்ஸ் மொத்தமா குடுத்துராதீங்க ப்ரோ. நான் கூரை பிரிக்கறதுக்கு முன்னாடியே 60% குடுத்துட்டேன், தங்கச்சி கல்யாணம்னு கேட்டார், பாவம்னு குடுத்தேன். கூரைய பிரிச்சுப் போட்டுட்டு ஆள் மேட்டுப்பாளையத்துல வேற வேலைக்கு போயிட்டார். தார்ப்பாய போட்டு மூடி அது காத்துல பட்டாசு மாதிரி படபடன்னு அடிக்க நானும் பையனும் ராத்திரி ரெண்டு மணிக்கு கல்லு தூக்கி வச்சோம். இப்பல்லாம் தகரம் எறங்கினா இவ்வளவு, மரம் ஏறினா இவ்வளவு, தகரம் மூடினா இவ்வளவுன்னு பிரிச்சு எழுதிக்கறேன். பொருள் நானே வாங்கறேன், அவங்களுக்கு கூலி மட்டும். கடைசி 10% ஒரு மழை பாத்துட்டுதான்.

கையில எவ்வளவு வைக்கணும்னா, கீழ்நாட்டுல 10% போதும்பாங்க, படி இறங்கற பழைய வீட்டுக்கு நான் மூணுல ஒரு பங்கு வைப்பேன். அது அனுபவம், ரூல் இல்ல.

---

கீழ்நாட்டான்

மன்னிக்கணும்ங்க, ரொம்ப நாள் கழிச்சு வர்றேன். ஹட்டிக்காரன் அண்ணா சொன்ன மாதிரி காத்திருந்து போன வாரம், மூணு நாள் மழை விடாம பெஞ்சப்புறம் காலைல பஸ்ல போயிட்டு வந்தேன், புரோக்கருக்கு சொல்லல. ஓனர் வீட்டுல டீ குடுத்தாங்க, நல்ல மனுசங்கதான்.

அலமாரிய நகத்த விட்டாங்க. நீங்க சொன்ன அதே கருப்பு, முழங்கால் ஒசரம். ஸ்க்ரூ டிரைவர் ரெண்டு மரத்துல எறங்குச்சு, மத்தது கெட்டி. தடுப்புச்சுவத்துல அஞ்சு ஓட்டை இருக்கு, நாலு அடைப்பு, ஒண்ணுல மட்டும் விரல் தண்டிக்கு தண்ணி வருது. அந்தத் தண்ணிய ரொம்ப நேரம் பாத்துட்டு நின்னேன், ஏதோ ஒரு மாதிரி இருந்துச்சு, குனிஞ்சு பாத்தா நுரை. சோப்பு நுரைங்க. மேல் வீட்டு பாத்ரூம் தண்ணி குழாய் இல்லாம மண்ணுல எறங்கி நம்ம சுவத்துக்கு பின்னாடி வருது. மேல் வீட்டுப் பாட்டிகிட்ட பேசினேன், "நாப்பது வருஷமா அங்கதான் போகுது, இப்ப என்ன புதுசா"ன்னாங்க. குழாய் செலவு நான் ஏத்துக்கறேன், உங்க எல்லை வழியா ஓடைக்கு விட அனுமதி குடுங்கன்னு கேட்டிருக்கேன், பையன் திருப்பூர்லேர்ந்து வந்ததும் பேசலாம்னாங்க.

கணக்க மறுபடி போட்டேன். கூரை, வாய்க்கால், அந்தக் குழாய், தடுப்புச்சுவர்ல நடுப்பகுதி மட்டும் பிரிச்சு கட்டறது (இன்ஜினியர் வந்து பாத்துட்டு முழுசும் வேண்டாம்னார்), சுண்ணாம்பு பூச்சு, சுமை கூலி எல்லாம் சேத்து 15 வருது, மேல அஞ்சு கையிருப்பு. பத்திரச் செலவும் சேத்தா 36க்கு மேல ஒரு ரூபா குடுக்க முடியாது, அதுவும் விக்கிறதுக்கு இல்ல, வாடகைக்கு விட்டு வச்சுக்கறதுக்கு. அந்த 65அ பேப்பர்ல அடிச்சிட்டேன். ஓனர்கிட்ட நுரைய காட்டி 36ன்னு சொன்னேன். கோவப்படல, யோசிச்சு தைக்குள்ள சொல்றேன்னார். கண்ணாடித் துண்டு ரெண்டு இடத்துல ஒட்டிட்டு வந்திருக்கேன், அவரே தேதி எழுதினார்.

வீட்டம்மா 36க்கும் வேண்டாம்ங்கறா, அது வேற பஞ்சாயத்து.

கடுக்காய் சார், கோத்தகிரி பக்கம் சுண்ணாம்பு பூசத் தெரிஞ்ச கொத்தனார் உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இன்னும் வேலைக்கு வர்றாங்களா? தைல பதில் எப்படி வந்தாலும் ஒரு தடவ அவர கூட்டிட்டு போயி அந்த பின் சுவத்த காட்டணும்.